மொட்டை மாடிக்குக் கீழே ஒரு படுக்கையறை

கோடைக்காலத்தில் கான்கிரீட் வீட்டின் மேல்தளத்தில் உறங்குவோர் சொல்லும் குறை தமிழ்நாடெங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரியானது. நண்பகலில் தாங்கிக்கொள்ளக்கூடியதாக இருந்த அறையில், விளக்கு வைத்த பிறகு வெக்கை ஏறிக்கொண்டே போய் இரவு ஒன்பது, பத்து மணி வாக்கில் உச்சத்தை எட்டுகிறது; மொட்டை மாடியில் பாய் விரித்தவர்கள் காற்று வாங்கிக்கொண்டிருக்கும் அதே வேளையில், அவர்களுக்கு நேர் கீழே படுத்திருப்பவர்கள் வியர்வையில் நனைந்து புரள்கிறார்கள். காற்றோட்டம் போதவில்லை என்று எண்ணிச் சன்னலைப் பெரிதாக்குவோரும், விசிறியை மாற்றுவோரும், ஒரு டன் ஏசியைக் கழற்றிவிட்டு ஒன்றரை டன் வாங்கி மாட்டுவோரும் உண்டு. இம்முயற்சிகள் எல்லாம் அறைக்குள் இருக்கும் காற்றையே குறிவைக்கின்றன; வெப்பமோ அந்தக் காற்றைவிட எண்பது, தொண்ணூறு மடங்கு எடையுள்ள கூரைத்தளத்தில் குடிகொண்டிருக்கிறது. எனவே, படுக்கையறையை இதமாக்கும் வேலை கூரையிலிருந்தே, அதிலும் கூரையின் மேற்புறத்திலிருந்தே தொடங்கவேண்டும்.

வீட்டின் சுவர்களை விட்டுவிட்டுக் கூரையை மட்டும் குற்றம் சாட்டுவதற்குச் சூரியனின் பாதையே காரணம். ஏப்ரல் நடுவில் மதுரைக்கும், அம்மாதக் கடைசி வாரத்தில் சென்னைக்கும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கிறது. பிறகு வடக்கே சற்று விலகிப் போய், ஆகஸ்டில் மீண்டும் உச்சிக்குத் திரும்புகிறது. இந்தக் காலம் முழுவதும் நண்பகல் வெயில் வடக்கு, தெற்குச் சுவர்களை உரசிக்கொண்டு இறங்குவதால் அவை அதிகம் சூடேறுவதில்லை. கிழக்குச் சுவருக்குக் காலையிலும் மேற்குச் சுவருக்கு மாலையிலும் மட்டுமே நேர் வெயில் படுகிறது. கூரைத்தளமோ காலை முதல் மாலை வரை வானத்தை நோக்கித் திறந்து கிடக்கிறது. தெளிந்த கோடை நண்பகலில் அதன் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 900 வாட்டுக்கு மேற்பட்ட கதிராற்றல் விழுகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றின் கூரைப்பரப்பு சுமார் 11 சதுர மீட்டர் என்பதால், அந்த ஓர் அறையின் தலைமேல் மட்டும் ஏறத்தாழ 10 கிலோவாட் வெயில் இறங்குகிறது. பழுப்பேறிய சிமென்ட் தளம் இதில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்கிறது. நிழலில் காற்று 38 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாளில், வெறும் காலை வைக்க முடியாத அந்தத் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியை எட்டுவது வழக்கமான செய்தியே.

இவ்வாறு விழுங்கப்பட்ட வெப்பம் உடனே அறைக்குள் வந்துவிடுவதில்லை. ஐந்தங்குலக் கான்கிரீட் தளத்தின் வழியே அது மெதுவாகக் கீழிறங்குவதற்குச் சில மணி நேரம் ஆகிறது. கட்டடவியலில் இதனை வெப்பக் காலத்தாழ்வு என்பர். மேற்பரப்பு பிற்பகல் இரண்டு மணிக்கு உச்சச் சூட்டை அடைந்தால், கூரையின் அடிப்பரப்பு மாலையில்தான் தன் உச்சத்தை அடைகிறது. அதன் பிறகு தளம் தன்னிடம் உள்ளதைக் கொட்டித் தீர்க்க நள்ளிரவைத் தாண்டிவிடும். மேலே சொன்ன பத்துக்குப் பன்னிரண்டு அறையின் கூரையை எடுத்துக்கொண்டால், அதன் எடை மூன்று டன்னுக்கும் அதிகம். அத்தனை கான்கிரீட்டும் பத்து டிகிரி குளிர வேண்டுமானால் அது வெளிவிட வேண்டிய வெப்பம், மின்சாரக் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய எட்டு யூனிட். ஒரு டன் ஏசி முழுத்திறனில் ஓடினாலும் இந்த வெப்பத்தை மட்டும் அகற்றுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இரவு ஒன்பது மணிக்கு ஏசியைப் போட்டு, பதினோரு மணி வரை அறை குளிரவில்லை என்று இயந்திரத்தைப் பழிக்கும் வீடுகளில், பெரும்பாலும் இயந்திரத்தின் மேல் தவறே இராது.

விசிறி தோற்றுப்போவதற்கும் இதே தளம்தான் காரணம். மனித உடல் தன் வெப்பத்தை வியர்வை ஆவியாவதாலும், காற்று உரசிச் செல்வதாலும் மட்டுமன்றி, கதிர்வீச்சாலும் இழக்கிறது; அதாவது தன்னைவிடக் குளிர்ந்த சுவர், தரை, கூரை ஆகியவற்றை நோக்கி, இடையில் காற்று எப்படியிருந்தாலும், தோல் வெப்பத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தோலின் வெப்பநிலை 33 முதல் 35 டிகிரி அளவில் இருக்கும். கூரையின் அடிப்பரப்பு 40 டிகிரிக்கு ஏறிவிட்டால் இந்தப் போக்குவரத்து திசைமாறி, கூரை உடலுக்கு வெப்பத்தை அனுப்பத் தொடங்குகிறது. மல்லாந்து படுத்திருப்பவரின் உடல் முழுவதும் அந்தப் பரப்பை நோக்கியிருப்பதால், உட்கார்ந்திருப்பவரைவிடப் படுத்திருப்பவரே அதிகம் வதைபடுகிறார். விசிறியால் கதிர்வீச்சைத் தடுக்கமுடியாது. கூரையை ஒட்டித் தேங்கி நிற்கும் சூடான காற்றைக் கீழே தள்ளவே அதனால் முடியும். ஏசி ஓடும் அறையிலும் பலர் ரிமோட்டை 20 டிகிரி வரை இறக்குவது, காற்று குளிர்ந்த பின்னும் கூரை காய்ந்துகொண்டிருப்பதால்தான்.

மாலையில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளிக்கும் பழைய வழக்கம் எவ்வளவு பொருளுடையது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அவ்வகையில், ஓர் அறையின் கூரையில் தேங்கிய எட்டு யூனிட்டையும் கொண்டுபோவதற்கு ஒரு குடத் தண்ணீர் முழுவதும் ஆவியானால் போதும். நடைமுறையில் தெளித்த நீரில் ஒரு பகுதி குழாய் வழியே ஓடிவிடுகிறது. ஆவியாவதும் தளத்தின் வெப்பத்தோடு சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. ஆயினும் வாளிகளில் ஊற்றி ஓடவிடுவதைவிட, நனைத்த சாக்கை விரித்து வைப்பது நல்ல பலன் தரும் என்பதற்கும், ஈரக்காற்று நிறைந்த கடலோரத்தைவிட வேலூர், திருச்சி போன்ற உள்நாட்டு ஊர்களில் இது சிறப்பாக வேலை செய்யும் என்பதற்கும் விளக்கம் இதுதான். குடிநீருக்கே லாரியை எதிர்பார்க்கும் மாதங்களில் இதனை ஒரு தீர்வாகச் சொல்வது பொருந்தாது. விரிசல் விழுந்த தளத்தில் தினமும் நீரைத் தேக்கினால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும் என்பதையும் மறக்கலாகாது.

நிலையான வழி, வெப்பம் தளத்துக்குள் நுழையாமலே தடுப்பது. இதற்கு இரண்டு உத்திகள் உள்ளன. ஒன்று வெயிலைத் திருப்பி அனுப்புவது. மற்றொன்று வெப்பத்தை எளிதில் கடத்தாத ஒரு பொருளைக் குறுக்கே வைப்பது. இரண்டாவதைப் பொதுவாக வெப்பக்காப்பு என்றும், கடைத்தெருவில் இன்சுலேஷன் என்றும் சொல்வர். இந்தக் கலை பெரிதும் வளர்ந்தது குளிர்நாடுகளில்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் மரச்சட்டத்தால் கட்டப்படும் வீடுகளில், சரிந்த கூரைக்கும் அறையின் உட்கூரைக்கும் இடையே ஓர் இடைவெளி அமைகிறது. அட்டிக் எனப்படும் அந்த இடத்தில் கண்ணாடிக் கம்பளியையோ, பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்த காகிதப் பஞ்சையோ ஓரடிக்கு மேல் கனமாகப் பரப்பி, அறையின் சூடு பனிக்காலத்தில் மேலே தப்பிவிடாமல் காக்கிறார்கள். அங்கே வெப்பம் வெளியேறாமல் காப்பதும் இங்கே வெப்பம் உள்ளே வராமல் காப்பதும் ஒரே இயற்பியல் விதியின் இரண்டு பயன்களே.

தமிழ்நாட்டுக் கட்டடக்கலைக்கும் இந்த இடைவெளி புதிதன்று. கன்னியாகுமரி மாவட்டத்துப் பழைய ஓட்டு வீடுகளிலும், பத்மநாபபுரம் அரண்மனையிலும், ஓட்டுக்கூரைக்குக் கீழே பலகையால் அமைத்த மச்சு ஒன்று இருப்பதைக் காணலாம். ஓடு வெயிலை வாங்கிக்கொள்கிறது. ஓட்டின் இடுக்குகள் வழியே சூடான காற்று தப்பிச் செல்கிறது. எஞ்சிய வெப்பத்தை மரப்பலகை தடுக்கிறது. சமதளக் கூரைக்கு மாறிய பிறகு வந்த கட்டைக்குத்து மாடியில், அதாவது மெட்ராஸ் டெரஸ் என்று பெயர்பெற்ற அமைப்பில், தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைச் சாய்வாகக் குத்துநிலையில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து மரப்பலகையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கி, தட்டோடு பதித்து முடித்தார்கள். கனமான இந்தக் கூரையும் வெப்பத்தைத் தேக்கவே செய்யும் என்றாலும், அதன் காலத்தாழ்வு இன்றைய தளத்தைவிட நீண்டது. உயரமான உட்கூரையும் வெப்பத்தைப் படுப்பவரிடமிருந்து தொலைவில் வைத்தது.

இரும்புக்கம்பிக் கான்கிரீட் வந்தபின் தேக்கும் குத்துக்கல்லும் போயின. மேலே போடும் சுருக்கி எனப்படும் ஜல்லிக் கலவையும் தட்டோடும் மட்டும் எஞ்சின. இன்றும் கொத்தனார்கள் கான்கிரீட் தளத்தின் மேல் மூன்றங்குலம் அளவுக்குச் செங்கல் ஜல்லிச் சுருக்கி போட்டு, மழைநீர் ஓட வாட்டம் கொடுத்து, தட்டோடு பதிக்கிறார்கள். வீட்டுக்காரர்களில் பலர் இதையே வெப்பத்துக்கான காப்பு என்று நம்பியிருக்கிறார்கள். சுருக்கியின் முதன்மைப் பணி நீரை வடித்துத் தளத்தைக் காப்பது. வெப்பத்தைப் பொறுத்தவரை அது செய்வது சிறிதே. பல இடங்களில் செலவைக் குறைக்கச் சுருக்கியையே விட்டுவிட்டு, சிமென்ட் பூச்சோடு நிறுத்திக்கொள்வதால் அந்தச் சிறிதும் இல்லாமல் போகிறது.

எவ்வளவு சிறிது என்பதை அளந்தே சொல்லிவிடலாம். ஒரு கூரையின் இரு பக்கத்துக்கும் இடையே ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெப்பம் கடந்து செல்கிறது என்பதைப் பொறியாளர்கள் யு-மதிப்பு என்று குறிக்கிறார்கள். எண் குறையக் குறையக் கூரை நல்லது. வெறும் ஐந்தங்குலக் கான்கிரீட் தளத்தின் யு-மதிப்பு சுமார் 3.4. சுருக்கியும் தட்டோடும் சேர்ந்தால் அது 2.4 அளவுக்கு இறங்குகிறது. அதற்குமேல் இரண்டங்குல எக்ஸ்பிஎஸ் என்னும் பாலிஸ்டைரின் நுரைப்பலகை ஒன்றைச் சேர்த்தால் 0.5 அளவுக்கு வந்துவிடுகிறது. வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றலில் ஐந்தங்குலக் கான்கிரீட் முழுவதும் இரண்டரை மில்லிமீட்டர் நுரைப்பலகைக்குத்தான் சமம் என்பது, கனமான கூரை குளிர்ந்த கூரையாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருப்போருக்கு வியப்பளிக்கக்கூடும். மேற்பரப்பு 60 டிகிரியில் நீடித்திருக்க, அறை 32 டிகிரியில் இருக்கும் நிலையைக் கணக்கிட்டால், வெறும் தளத்தின் வழியே பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் இறங்கும் வெப்பம் ஆயிரம் வாட்டைத் தாண்டும். தலைக்கு மேல் ஓர் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் தொங்கவிட்டதற்கு ஒப்பு. நுரைப்பலகை போட்ட கூரையில் அதே கணக்கு இருநூறு வாட்டுக்கும் கீழே போய்விடுகிறது.

இருந்தும், முதலில் செய்யவேண்டியது நுரைப்பலகை வாங்குவதன்று, வெள்ளையடிப்பதுதான். பழகிய சிமென்ட் தளம் தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறிஞ்சிக்கொள்ள, புதிதாக வெள்ளை பூசிய தளம் நான்கில் ஒரு பங்கை மட்டுமே உறிஞ்சுகிறது. இதனால் மேற்பரப்பின் உச்ச வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி வரை குறையக்கூடும். கிளிஞ்சல் சுண்ணாம்புடன் பசை கலந்து துடைப்பத்தாலேயே அடித்துவிடலாம் என்பதால், எல்லா வழிகளிலும் மலிவானது இது. அக்டோபர் மழையில் கரைந்துபோவதால் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டியிருக்கும். கூல் ரூஃப் பெயின்ட் என்று விற்கப்படும் அக்ரிலிக் பூச்சுகள் சில ஆண்டுகள் நிற்கும். வெள்ளைக் கூலிங் டைல்ஸ் அவற்றைவிட நீடித்து உழைக்கும். எதுவாயினும் புழுதி படிந்தால் அதன் திறன் குறைந்துவிடுகிறது. கோடைத் தொடக்கத்தில் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது. கசிவைத் தடுக்கவென்று தளத்தின் மேல் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்து அப்படியே விட்டுவிடுவது, அறையில் இருப்பவர்களைப் பொறுத்தவரை ஆகக் கெட்ட தேர்வு. ஒழுகல் நின்றுவிடும், வெக்கை கூடிவிடும்.

ஏசி இல்லாத வீடுகளுக்கு வெள்ளைப்பூச்சு ஒன்றே பெருமளவு நிறைவு தரும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளைத்தளம் பகலில் வெயிலைத் திருப்பி அனுப்புவதோடு, இரவில் தன் வெப்பத்தை வானத்தை நோக்கித் தடையின்றி வெளிவிடுகிறது. கனமான வெப்பக்காப்பு போட்ட தளத்தால் அந்த வழியில் ஆற முடியாது. ஆகவே, வெப்பக்காப்பு செய்த வீட்டில் இரவில் சன்னல்களைத் திறந்து வைத்து, பகலில் சேர்ந்த சூட்டைக் காற்றோடு வெளியே அனுப்புவது அவசியமாகிறது. நாள்தோறும் ஏசி ஓடும் அறைகளில் நிலைமை வேறு. அங்கே வெள்ளைப்பூச்சும் வெப்பக்காப்பும் சேர்ந்தால் மின்கட்டணம் கண்கூடாகக் குறையும்.

வெப்பக்காப்புப் பொருள்களில் தெர்மாகோல் எல்லாருக்கும் தெரிந்தது. குறைந்த விலையில் கிடைக்கும் அது, மணிமணியாக ஒட்டிய அமைப்பால் நாளடைவில் நீரை உறிஞ்சுகிறது. நனைந்த காப்பு காப்பாக இராது. ஆகவே மொட்டை மாடிக்கு எக்ஸ்பிஎஸ் எனப்படும் பிதுக்கி வார்த்த பாலிஸ்டைரின் பலகையே ஏற்றது. அதன் நுண்ணறைகள் மூடியவை என்பதால் நீர் புகுவது அரிது. மனிதர் நடமாட்டத்தையும் மேலே பதிக்கும் கான்கிரீட்டையும் தாங்கும் அழுத்த வலிமையும் அதற்கு உண்டு. பஃப் என்று அழைக்கப்படும் பாலியூரித்தீன் நுரையை இயந்திரத்தால் தெளித்து இடுக்கில்லாமல் படரவிடலாம். வெயில் நேரடியாகப் பட்டால் மஞ்சளாகி உதிர்ந்துவிடும் என்பதால் அதற்கு மேல்மூடி தேவை. மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, இடைவெளியைச் சுண்ணாம்புக் கலவையால் நிரப்பும் முறையும் இருக்கிறது. பானைக்குள் அடைபட்ட காற்றே அங்கே காப்பு. கேரளத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கான்கிரீட் தளத்தின் நடுவிலேயே மங்களூர் ஓடுகளை வைத்து வார்த்துப் பரப்பிய நிரப்புத் தளம், சிமென்டை மிச்சப்படுத்தும் நோக்கத்தோடு இந்தப் பயனையும் ஓரளவு தந்தது. ஆனால் அதைப் புது வீட்டில்தான் செய்யமுடியும்.

வேலையின் வரிசைமுறையில்தான் பலர் தவறுகிறார்கள். முதலில் தளத்தில் நீர் கட்டி, ஒன்றிரண்டு நாள் நிறுத்திக் கீழே ஈரம் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். கசிவு இருந்தால் அதனைச் சரிசெய்யாமல் மேலே எதைப் பரப்பினாலும், பின்னாளில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க எல்லாவற்றையும் பெயர்க்க நேரும். பழைய தட்டோடு உறுதியாக இருந்தால் அதன்மேலேயே நீர்த்தடைப் பூச்சு அடிக்கலாம். பூச்சு காய்ந்தபின் நுரைப்பலகைகளை ஒன்றோடொன்று நெருக்கமாக, மூட்டுகள் ஒரே கோட்டில் வராதபடி மாற்றிமாற்றி அடுக்கவேண்டும். அவற்றின்மேல் நார்த்துணி விரித்து, கோழிவலை வைத்து, இரண்டங்குலக் கான்கிரீட்டை ஒரே பாளமாகப் போடாமல் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட்டு, வாட்டம் பார்த்து, வெள்ளை ஓடு பதித்து முடிக்கவேண்டும். நீர்த்தடைப் பூச்சு நுரைப்பலகைக்குக் கீழே அமைவதால் வெயிலின் கடுமை அதனைத் தாக்குவதில்லை. அதன் ஆயுளும் நீள்கிறது. தலைகீழ்க் கூரை என்று பொறியாளர்கள் இதற்குப் பெயரிட்டிருப்பது இந்த இடமாற்றத்தால்தான்.

இப்படிச் செய்யும்போது மாடியின் தரை நான்கைந்து அங்குலம் உயர்ந்துவிடும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நல்லது. மழைநீர்க் குழாயின் வாய் புதைந்துபோகாமல் உயர்த்தவேண்டும். மாடிப்படிக் கதவின் நிலைப்படி தரையைவிடத் தாழ்ந்துவிட்டால் ஐப்பசி மழை நேரே வீட்டுக்குள் வரும். கைப்பிடிச் சுவரின் உயரம் ஒரு மீட்டருக்குக் கீழே போய்விட்டால், பட்டம் விடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது ஆபத்து. எடையைப் பொறுத்தவரை நுரைப்பலகை ஒரு பொருட்டே இல்லை. இரண்டங்குலப் பலகையின் எடை சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ கூட இராது. மேலே போடும் கான்கிரீட்டும் ஓடும்தான் நூறு கிலோவுக்கு மேல் ஏற்றுகின்றன. ஆகவே பழைய கட்டடமாயின், பொறியாளர் ஒருவரிடம் தளத்தைக் காட்டிக் கேட்டபின் தொடங்குவதே முறை. மாடித்தோட்டம் போட நினைப்போருக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஓரடி ஆழ ஈரமண் சதுர மீட்டருக்கு அரை டன் எடையுள்ளது.

அடுக்குமாடிகளின் மேல்தளக் குடியிருப்புகளிலும் வாடகை வீடுகளிலும் மொட்டை மாடி குடியிருப்பவரின் உரிமையில் இராது என்பதால், அவர்கள் ஃபால்ஸ் சீலிங் எனப்படும் பொய்க்கூரையை நாடுகிறார்கள். ஜிப்சம் பலகைக்கு மேல் பாறைக் கம்பளியை வைத்து அமைத்தால், கூரையின் கதிர்வீச்சு நேரே உடலில் விழுவது நின்றுவிடும். அறைக் காற்றும் விரைவில் குளிரும். இரவில் சில மணி நேரம் மட்டும் ஏசி போடும் அறைக்கு இது பொருத்தமானதே. ஆனால் தளம் வெயிலில் தகித்துக்கொண்டேதான் இருக்கிறது. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் அதன் ஓயாத அசைவு, விரிசலையும் கசிவையும் வரவழைக்கிறது. கசிவு பொய்க்கூரைக்கு மேலே மறைந்திருந்து, கறை தெரியும் நாளில் பெரும் செலவாகிறது. மேற்புறக் காப்பில் அந்த மூன்று டன் கான்கிரீட்டும் அறையின் பக்கம் சேர்ந்து, குளிர்ச்சியைத் தேக்கி வைக்கும் பொருளாக மாறிவிடுகிறது. உட்புறக் காப்பில் இந்த நன்மை கிடைப்பதில்லை. இன்னொன்று தீ. பொய்க்கூரைக்கு மேல் மின்கம்பிகள் ஓடும் இடத்தில் வெறும் தெர்மாகோலை அடைத்து வைப்பது, குளிர்ச்சிக்காக எரிபொருளைத் தலைமேல் சேமிப்பது போன்றது. பாறைக் கம்பளியோ கண்ணாடிக் கம்பளியோ எளிதில் பற்றாது.

அலுமினியத் தாளைப் பற்றிய விளம்பரங்களும் பெருகியிருக்கின்றன. பளபளக்கும் அலுமினியம் கதிர்வீச்சை மிகக் குறைவாகவே வெளியிடும் என்பது உண்மை. ஆனால் அதன் பளபளப்புப் பக்கத்துக்கு எதிரே ஓர் அங்குலமாவது காற்றிடைவெளி இருந்தால்தான் அந்தக் குணம் வேலை செய்யும். கான்கிரீட்டோடு ஒட்டிவிட்டால் அது வெறும் தகடு. தகரத்துக்கும் சிமென்ட் ஷீட்டுக்கும் கீழே சற்று இடைவெளி விட்டுக் கட்டும்போது, பகல் வெக்கையைத் தணிப்பதில் அது கைகொடுக்கிறது. ஷீட் வீடுகளின் சிக்கல் பகலுக்கு உரியது. மெல்லிய ஷீட் வெப்பத்தைத் தேக்காததால் இரவில் விரைவாக ஆறிவிடும். வெயிலைத் தளத்தில் விழாமலே தடுக்கும் நிழல், எந்தப் பொருளுக்கும் குறைந்ததன்று: தென்னங்கீற்றுப் பந்தல் அருமையானது, எனினும் தீக்கும் காற்றுக்கும் அஞ்சவேண்டியது, பச்சைவலை இடைத்தரமானது, கூரைச் சூரியத் தகடுகள் மின்சாரம் தருவதோடு, தமக்குக் கீழே காற்று புகும்படி உயர்த்தி நிறுத்தப்பட்டால், தளத்துக்கு நல்ல நிழலும் தருகின்றன.

செலவு செய்வதற்கு முன், குற்றம் கூரையினுடையதுதானா என்று உறுதிசெய்துகொள்வதற்கு எளிய வழி ஒன்று உண்டு. இரவு ஒன்பது மணிக்கு, ஸ்டூலின் மேல் ஏறி, உள்ளங்கையை முதலில் கூரையிலும் பிறகு ஒவ்வொரு சுவரிலும் வைத்துப் பார்க்கலாம். தொழிற்கூடங்களில் பயன்படும் அகச்சிவப்பு வெப்பமானி கிடைத்தால் எண்ணாகவே தெரிந்துவிடும். கூரை உள்சுவரைவிட நான்கைந்து டிகிரி கூடுதலாகக் காட்டினால் கூரைவேலை பயன்தரும். மேற்குச் சுவரே அதிகம் சுட்டால், அதற்கு நிழல் தரும் மரமோ, வெளிப்புறத் தட்டியோ, வெளிர்நிறப் பூச்சோ முதலில் வேண்டும்; மேற்கு நோக்கிய கண்ணாடிச் சன்னலுக்கு உள்ளே கட்டும் திரைச்சீலையைவிட, வெளியே தொங்கும் மூங்கில் தட்டி மேலானது, ஏனெனில் அது வெயிலைக் கண்ணாடியைக் கடக்கும் முன்பே மறித்துவிடுகிறது.

அரசுகளும் இந்தச் சிக்கலை மெல்ல மெல்லக் கவனிக்கத் தொடங்கியிருக்கின்றன. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. எரிசக்தித் திறனுக்கான மத்தியப் பணியகம் 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரையின் யு-மதிப்பு 1.2-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. சுருக்கியும் தட்டோடும் மட்டும் போட்ட வழக்கமான தளம் இதைப்போல் இருமடங்கில் நிற்கிறது. ஓர் அங்குல நுரைப்பலகை சேர்த்தாலே அது இந்த வரம்புக்குள் வந்துவிடும்.

பழைய வீட்டில் இந்த வேலையைச் செய்ய ஏற்ற காலம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை தொடங்கிப் பங்குனி வரை. கத்திரி வெயில் தொடங்கிய பிறகு போடும் கான்கிரீட் நீராற்றும் முன்பே காய்ந்து வெடிக்கிறது. ஆள்கூலியும் அப்போது ஏறிவிடுகிறது. புதிதாக வீடு கட்டுவோருக்கு இந்தக் கூடுதல் செலவு, மொத்தச் செலவில் கண்ணில் படாத அளவுக்குச் சிறியது. ஆனால் பெயின்ட் நிறத்தையும் டைல்ஸ் வகையையும் பத்துக் கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுப்பவர்கள், தலைக்கு மேல் உள்ள தளத்தின் யு-மதிப்பு என்ன என்று பொறியாளரிடம் ஒருமுறைகூடக் கேட்பதில்லை. சுருக்கி போடக் கொத்தனார் வருவதற்கு முன்னால் அதைக் கேட்டுவிடுங்கள்.